திரைக்கு இந்தப் பக்கம் கேட்ட இங்கிலீஷ்

எங்கள் வீட்டு முன் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது. ஒரு துணித் திரைதான். வீடு கட்டும்போது கதவு போடக் காசு பத்தவில்லை. பிறகு காசு வந்தபோது திரையே பழகிவிட்டது. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கிராமர் டியூஷன் எடுத்தார். இந்தப் பக்கம் நான் சமைத்தேன்.

பகலில் அவருக்கு மில்லில் எழுத்து வேலை. அதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் டியூஷன் மட்டும் நிற்கவில்லை. நாங்கள் ஒத்தக்கடைக்குக் குடி வந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் வயல் இருந்தது. இப்போது அங்கே மாடி வீடுகளும் ஒரு காலேஜ் ஹாஸ்டலும் இருக்கின்றன. பிள்ளைகள் மட்டும் அன்று வந்த மாதிரியே பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள், இங்கிலீஷில் தோற்றுப்போன காலேஜ் பிள்ளைகள். எல்லோருக்கும் அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்தான். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். வார்த்தைகளில் எட்டு ஜாதி இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு இங்கிலீஷ் வராது என்பார்.

அவர் சொல்லிக் கொடுக்கும் விதம் தனி. பாதியை அவர் சொல்வார், மீதியைப் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல வேண்டும். "எ நவுன் இஸ்" என்று நிறுத்துவார். "எ நேமிங் வேர்டு" என்று ஹால் முழுக்கச் சத்தம் வரும். "எ வெர்ப் இஸ்" என்பார். "அன் ஆக்‌ஷன் வேர்டு" என்று வரும். எடுத்துக்காட்டெல்லாம் ஊரிலிருந்தே எடுப்பார். மாட்டுத்தாவணி நவுன். பஸ் நவுன். ஓடுகிறது வெர்ப். மெதுவாக ஓடுகிறது என்றால் அந்த மெதுவாக, அட்வெர்ப். "நம்ம ஊரு டவுன் பஸ்ஸுக்கு அட்வெர்ப் இல்லாம முடியாதுடா" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் இந்தப் பக்கம் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பேன்.

பிரிபொசிஷன் பாடம் வந்தால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். திரைக்கு அந்தப் பக்கமிருந்து "இந்தா, அந்தச் சொம்ப எடுத்தா" என்று குரல் வரும். பித்தளைச் சொம்பைத் துடைத்து, திரையை லேசாக விலக்கிக் கையை மட்டும் நீட்டுவேன். அவர் அதை ஸ்டூலின் மேல் வைப்பார். ஆன். கீழே வைப்பார். அண்டர். பின்னால் வைப்பார். பிஹைண்ட். அந்தச் சொம்பு எங்கெங்கே போகிறது என்று பார்க்காமலே, சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. இங்கிலீஷில் எழுத்துகளை மட்டும் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். எழுத்துகளைச் சேர்த்து வார்த்தையாக்குகிற வகுப்பு அடுத்த வருஷம். அந்த அடுத்த வருஷம் எனக்கு வரவில்லை. ஆடு மேய்க்கப் போனேன், பிறகு பருத்தி எடுக்கப் போனேன், பிறகு கல்யாணமாகி வந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தது. எம்புட்டு ஆசை என்று யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் கேட்டிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், "வா" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டுக் கிடந்தேன் என்றும் சொல்ல முடியாது. வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த எட்டு ஜாதியையும் காதால் படித்தேன். எழுத்தைப் பார்த்தால் தெரியாது. கேட்டால் தெரியும்.

போன ஆடி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் கொஞ்ச நாளில் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்று டாக்டர் சொன்னார். பேச்சுக்கென்று தனியாகப் பயிற்சி இருக்கிறது, வாரம் ஒரு நாள் கூட்டி வாருங்கள் என்றார். பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வேறு டியூஷனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பரீட்சை வருகிறதே.

ஹாலில் சத்தம் நின்றதும் வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தினமும் போன் செய்து, "அப்பா ஏதாச்சும் பேசுனாராம்மா?" என்று கேட்பாள். இல்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நல்லாச் சாப்பிட்டாரு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு சின்னப் பெண். என் மகளைவிடச் சின்னவள், பொறுமைக்காரி. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். குடை, சாவி, பசு மாடு. "இது என்ன சார்?" என்பாள். அவர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "அது... அது..." என்பார். நெற்றியில் வியர்வை வந்துவிடும். பேர்ச்சொல் எல்லாம் போய்விட்டது என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். அவர் முதலில் சொல்லிக் கொடுப்பது எதுவோ அதுவே முதலில் போய்விட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் மட்டும் கொஞ்ச தூரம் போவார். மனப்பாடமாக உள்ளே கிடப்பது சில பேருக்கு இப்படி வரும் என்று அந்தப் பெண் சொன்னாள். சாமி பாட்டு ஏதாவது பாடுவாரா என்று கேட்டாள். அவர் கோவிலுக்கு வந்தால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவர். இல்லை என்று தலையாட்டினேன்.

ஒவ்வொரு முறையும் கடைசியில் அவள் என்னைக் காட்டி, "இவங்க பேரு சொல்லுங்க சார். ஒங்க வீட்டம்மா பேரு" என்பாள். அவர் சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பேப்பரில் ஏதோ எழுதுவாள். பிறகு என் கையைத் தொட்டு, "பேரு மறந்துருக்கும்மா, மெதுவா வரும், கவலப்படாதீங்க" என்பாள்.

அவர் என் பேரை மறக்கவில்லை. என் பேரை அவர் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி வழக்கமில்லை. நான் அவர் பேரைச் சொன்னதில்லை, அவரும் என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். வீட்டில் அவருக்கு நான் "இந்தா". கோபமென்றால் அதையே இழுத்துச் சொல்வார். காபி வேண்டுமென்றால் சுருக்கிச் சொல்வார். சந்தோஷமாக இருந்தால் அதற்கும் ஒரு மாதிரி இருக்கும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. இம்புட்டு வயசுக்கு மேல் ஒரு சின்னப் பெண்ணிடம் போய், என்னை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று எப்படிச் சொல்வது? அதனால் அவள் ஒவ்வொரு வாரமும் இல்லாத ஒன்றைக் கேட்டாள், அவர் ஒவ்வொரு வாரமும் தோற்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனசு முழுக்க, அவர் என்னை ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. வேறு ஒரு வார்த்தையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப் போகும் ஆட்டோக்காரர் அவரிடம் படித்தவர்தான். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. வண்டி ஓட்டும்போது வாய் மூடாது. அன்றைக்கு மேலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியில் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே, "சார் அடிச்ச அடிலதான் நான் பத்தாவது பாஸானேன், அம்மா. பார்டர்லதான். ஆனா பாஸு பாஸுதான?" என்றார். "இப்பக் கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எ வெர்ப் இஸ் எ நேமிங் வேர்டு."

"தப்பு" என்று ஒரு சத்தம் வந்தது.

எனக்கு முதலில் யார் சொன்னது என்று விளங்கவில்லை. ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

"அம்மா, சாரா பேசுனாரு?"

நான் தலையாட்டினேன். அவர் முன்னால் பார்த்தபடி இருந்தார். இடது கை மட்டும் மடியில் தட்டிக்கொண்டிருந்தது, ஸ்கேலால் மேஜையில் தட்டுகிற மாதிரி.

"அப்ப ஆஸ்பத்திரி வரைக்கும் நான் தப்பாவே சொல்லிக்கிட்டு வாரேன்" என்றார் ஆட்டோக்காரர். "எனக்கு அதுக்குன்னு தனியா மெனக்கெட வேணாம் பாருங்க."

உண்மையாகவே அவர் மெனக்கெடவில்லை. அட்ஜெக்டிவை அட்வெர்ப் என்றார். கஞ்சங்ஷனை விட்டே விட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து "தப்பு", "தப்பு" என்று வந்தது. ஒரு தடவை "ஆக்‌ஷன் வேர்டு" என்று முழுசாகவே வந்தது. நான் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் சொல்வதற்கு முன் ஆட்டோக்காரரே உள்ளே வந்து அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவளுக்குச் சந்தோஷம். எத்தனையோ வருஷம் வாயில் ஊறிப்போனது, அதைப் பிடித்தே மேலே வரலாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வீட்ல தெனமும் செய்ங்கம்மா. அவர் முன்னாடி நின்னு தப்புத் தப்பாச் சொல்லுங்க. திருத்தட்டும்."

எனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்றேன்.

"அதான்மா வேணும்" என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

சொல்வது சுலபம். நான் பிறந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் நின்று பேசியதில்லை. இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட அவர் முன்னால் சொன்னதில்லை. பஸ், டிக்கெட் என்பதெல்லாம் கணக்கில் வராது. அவர் தப்புக்கு எப்படிச் சிரிப்பார், எப்படி அதட்டுவார் என்று இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும். இன்றைக்குச் செய்யலாம் என்று நினைப்பேன், சாயங்காலம் ஆனதும் காய்ந்த துணியை மடிக்கப் போய்விடுவேன். மகளிடம் சொன்னபோது, "நான் வீடியோல சொல்றேன்மா, போன அப்பாகிட்ட காட்டு" என்றாள். காட்டினேன். அவள் தப்பாகச் சொன்னாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் ஆள் நிற்க வேண்டும் போலிருக்கிறது. ஆளென்றால் வீட்டில் நான்தான்.

ஒரு சாயங்காலம், பிள்ளைகள் வருகிற நேரம் பார்த்து, அவரை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தேன். ஹால் விளக்கைப் போட்டேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்று முதலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு திரையை விலக்கிக்கொண்டு போய், பிள்ளைகள் நிற்கிற இடத்தில் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எ நவுன் இஸ்..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன். "எ நவுன் இஸ் அன் ஆக்‌ஷன் வேர்டு."

"தப்பு" என்றார்.

வரும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. அவர் இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார்.

"சொல்லு."

"எ நவுன் இஸ் எ நேமிங் வேர்டு" என்றேன்.

"ம்" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் எனக்கு வகுப்பு. சும்மா உளறினால் அவர் திருத்த மாட்டார் என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். பிள்ளைகள் விடுகிற தப்பாக இருக்க வேண்டும், அதற்குத்தான் வாய் திறக்கும். அதனால் பகலில் சமைக்கும்போது, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்று யோசித்து யோசித்து எடுத்துவைத்துக்கொள்வேன். சொம்பை ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு, "ஆன்" என்று சொன்னபோது அவருக்குக் கோபமே வந்தது. கையை நீட்டி அதைக் காட்டி, "அண்டர், அண்டர்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளிடம் போனில் அப்பா பேசுகிறார் என்று சொன்னேன். அவள் அழுதாள்.

ஆனால் வகுப்பு முடிந்துவிட்டால் அவர் மறுபடியும் மௌனம்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். போர்வையை எடுத்துப் போர்த்தி விடுவேன், சட்டைப் பொத்தானைப் போட்டு விடுவேன், அதற்கெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. அடுப்படியில் இருக்கும்போது பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பேன். கூப்பிட்டால் கேட்காமல் போய்விடக் கூடாதே. குழாயைக்கூட முழுசாகத் திறக்க மாட்டேன். ஒன்றும் வராது. ஹாலில் நிற்கிற பிள்ளைக்குத்தான் அவரிடம் பேச்சு இருந்தது. அடுப்படியில் இருக்கிறவளுக்கு இல்லை. நானே அந்தப் பிள்ளை, நானே இவள். இருந்தும் எனக்கு அந்தப் பிள்ளை மேல் பொறாமையாகக்கூட இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த ஒரு நாள். உலையை வைத்து அரிசியைப் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்தேன். புரோநவுன் சொல்ல வேண்டும், பேருக்குப் பதிலாக வருகிற வார்த்தை. அதில் எங்கே தப்பு விடுவதென்று யோசித்து வைத்திருந்தேன். ஆரம்பித்ததும் என்ன ஆனதோ, வெளியே மழைத் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். தப்பு விட மறந்துவிட்டேன். முழுசும் சரியாகச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. திரை ஓரத்தில் கண்ணை வைத்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது என் மேல் ஒருநாளும் விழுந்ததில்லை.

"புதுசா?" என்றார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"எந்த ஊரு, பாப்பா?"

புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர் இதைத்தான் கேட்பார். ஒன்று, இரண்டு, மூன்று மாதிரி, எட்டு ஜாதி மாதிரி இதுவும் உள்ளே மனப்பாடமாகக் கிடந்ததோ, இல்லை நான் யாரென்றே தெரியாமல் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என் ஊர், என் வயசு, என்ன வேலை தெரியும் என்பதையெல்லாம் அவருடைய அம்மா என் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர் என்னிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் வாயால் என் ஊரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"உசிலம்பட்டிப் பக்கம்" என்றேன். பிறகு, "சார்" என்றேன்.

"எத்தனாப்பு?"

"அஞ்சாப்பு, சார்."

"ம்" என்றார். அவருடைய இடது கை மெதுவாக எழுந்து தரையைக் காட்டியது. முன் வரிசை. "உக்காரு."

முட்டி மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்து, தரையைப் பிடித்து, ஒருவழியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது. அங்கேயிருந்து பார்க்க அவர் உயரமாகத் தெரிந்தார். அவருக்குப் பின்னால் திரை தொங்கியது. அதை இந்த ஹாலில் இருந்து, இவ்வளவு கீழேயிருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எ புரோநவுன் இஸ்" என்று அவர் ஆரம்பித்து, நிறுத்தினார். அவராகவே ஆரம்பித்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. தீய்கிற வாசனையும் வந்தது. எழுந்து போக வேண்டும். ஆனால் சார் கேட்டிருக்கிறார், பதில் சொல்லாமல் வகுப்பிலிருந்து எழுந்து போக முடியாது. கையைக் கட்டிக்கொண்டு, மீதியைச் சொன்னேன்.